காத்திருக்கும் குழந்தை



பெற்றோரின் அரவணைப்பை இழந்த குழந்தைக்கு ஓர் இல்லம் தேடித் தருவது திருச்சபை தொன்றுதொட்டு ஆற்றிவரும் அறப்பணி. அப்பணியும் நாட்டின் சட்டமும் எதிரெதிரே நின்றால் என்செய்வது? அமெரிக்காவில் நேர்ந்த இரு நிகழ்ச்சிகளை நாம் எண்ணிப் பார்ப்போம்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2004 மே 17 முதல் ஒரே பாலினத்தார் மணம் சட்டப்படி செல்லுபடியாயிற்று. தத்துக் கொடுக்கும் உரிமம் பெற்ற நிறுவனம் அத்தகையோரை விலக்கலாகாது என்பதும் அங்கு விதி. பாஸ்டன் நகரின் கத்தோலிக்க அறப்பணி நிறுவனம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் சுமார் 720 குழந்தைகளைத் தத்துக் கொடுத்திருந்தது. அவர்களுள் 13 பேர் ஒரே பாலின இணையரிடம் சேர்ந்தவர்கள். நிர்வாகக் குழுவினர் அம்முறையைத் தொடரவே விரும்பினர். ஆயர்களோ விதிவிலக்குக் கோரினர். அது கிட்டாமையால், 2006 மார்ச்சில் தத்துப் பணியையே கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது.

பிலடெல்பியாவிலோ, அத்தகைய இணையருக்கு வளர்ப்புப் பெற்றோர் என்னும் சான்று வழங்க இயலாது என்ற கத்தோலிக்க நிறுவனத்திற்கு, 2018-இல் நகராட்சி குழந்தைகளை அனுப்புவதை நிறுத்தியது. 2021 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாய் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். ஒப்பந்தத்தில் விதிவிலக்களிக்க இடம் வைத்துவிட்டு, சமயக் காரணத்திற்கு அதை மறுத்தது தவறு என்பதே அதன் சாரம்.

வழக்கில் வென்றவர் யாராயினும், இடையில் ஒரு வீட்டின் கதவு மூடப்பட்டால் துன்புறுவது குழந்தையே அன்றோ? ஓர் இல்லத்திற்குச் சென்று, அங்கே குழந்தை நலமுடன் வளருமா என ஆராய்ந்து சான்றளிப்பவர் சமூகப் பணியாளர். வருவோர் அனைவரையும் சமமாய் நடத்துக என்கிறது அவர்தம் தொழில் நெறி. திருமணம் ஆணும் பெண்ணும் இணைவதே என்கிறது அவர்தம் விசுவாசம். இந்த நெருக்கடியை நாம் எளிதாய் எண்ணலாகாது.

ஆயினும் ஒன்று தெளிவு. 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன்பாலின நாட்டம் உடையோரை மதிப்புடனும் பரிவுடனும் ஏற்க வேண்டும், அநியாயமாய் ஒதுக்கலாகாது என்றே கற்பிக்கின்றது. ஆகவே, மனச்சான்றின் பொருட்டு ஒரு பணியை ஏற்க இயலாதவர், வந்தவரை அவமதியாமல் வேறொரு நிறுவனத்திற்கு வழிகாட்டி அனுப்பட்டும். கொள்கையைக் காத்தல் நம் கடமை. ஆனால் அதன் விலையை ஒரு குழந்தை செலுத்தும்படி விடலாமோ?

கொள்கை பேசும் நாம், நம் வீட்டில் அக்குழந்தைக்கு ஓர் இடம் ஒதுக்கியுள்ளோமா என்பதையும் இன்றிரவு குடும்பமாய்ச் சிந்திப்போம்.