நூறு ரூபாய் மருந்தில் ஒரு ரூபாய்

எங்க பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் ஆள் விட்டுக் களை வெட்டுவது குறைந்துபோச்சு. கூலிக் கணக்குப் பார்த்து, பலரும் களைக்கொல்லிக்கு மாறிவிட்டார்கள். அதில் ஒன்று பாராகுவாட். காலையில் அடித்தால் ஓரிரு நாளில் களை கருகிக் கிடக்கும். அந்த வேகம்தான் அதுக்கு விளம்பரம்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வருசக்கணக்காக முதுகில் டேங்க் கட்டி மருந்தடித்தவர். இப்போது டீ டம்ளர் பிடித்தால் பாதி சிந்துகிறது. டாக்டர்கள் பார்க்கின்சன் என்கிறார்கள். நம்ம பேச்சில் நடுக்குவாதம். "ஏனுங்க மேனேஜர், மருந்தடிச்சதாலதான் இப்படி ஆச்சுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றும் சொல்ல முடியல, இல்லை என்றும் சொல்ல முடியல. பயிர்க்கடன் கொடுக்கும்போது பூச்சிமருந்துச் செலவுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் பெருமளவு செத்த பிறகே கை நடுங்க ஆரம்பிக்கும். அதனால் இன்றைய நடுக்கத்துக்குக் காரணம் இருபது வருசத்துக்கு முந்தி இருக்கலாம். 2011ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, பாராகுவாட்டோ ரோட்டினோனோ கையாண்டவர்களுக்கு இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அதிகம் என்றது. ரோட்டினோன் எதிலிருந்து எடுப்பது தெரியுங்களா? செடி வேரிலிருந்து! இயற்கை என்றாலே கெடுதல் இல்லை என்று மேடையில் பேசும் நம்ம ஆட்களுக்கும் இது உறைக்கணும்.

பிரான்சில் 2012லேயே, பூச்சிமருந்து கையாண்ட உழவருக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்நோயாக ஏற்றார்கள். கேரளா 2011ல் பாராகுவாட்டைத் தடை செய்தது. நாமும் தடை கேட்கிறோம், கேட்கணும். ஆனால் சேலம், நாமக்கல்லில் மருந்தடித்தவர்களில் எத்தனை பேருக்குக் கை நடுங்குது என்ற கணக்கு நம்ம கையில் இருக்குங்களா? "விஷம், விஷம்" என்று சத்தம் போட்டால் மட்டும் அதிகாரி ஃபைலை நகர்த்த மாட்டார்.

கம்பெனி ஆராயட்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடன் கேட்கிறவரே தன் நிலத்துக்கு மதிப்பீடும் போட்டுக்கொண்டு வந்தால் எந்த மேனேஜராவது கடன் கொடுப்பாரா? அரசுப் பணத்தில்தான் இது நடக்கணும். பணம் இல்லாமலும் இல்லை. களைக்கொல்லிக்கு நாம் கட்டும் ஜிஎஸ்டி 18 சதவீதம். நூறு ரூபாய் மருந்துக்குப் பதினெட்டு ரூபாய் போகுது. அதில் ஒரு ரூபாயை ஒதுக்கச் சொல்லுங்கள். இரண்டு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு. மருந்தடித்தவர், அடிக்காதவர் இரு தரப்பையும் பத்து வருசமாவது தொடர்ந்து பார்க்கட்டும். தேர்தலுக்குத் தேர்தல் கடன் தள்ளுபடி கேட்கிற சங்கங்கள் இந்த ஒரு ரூபாயையும் மனுவில் எழுதலாம்.

அதுவரை, ரசாயனம் அடிக்கிற உறவினர், பக்கத்துக் காட்டுக்காரர் யாராக இருந்தாலும் கடைப் பில்லைத் தூக்கி எறிய விடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை டேங்க், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அண்ணன் வீட்டில் தேடியதில் நாலே நாலு பில்தான் கிடைச்சது. மருந்துப் பெயர்கள் அவருக்கு ஞாபகம் இல்லை. டப்பாவின் நிறம் மட்டும் சொல்கிறார்.