கிணற்றில் வந்த பளபளக் கல்: ஜிப்சமா, காக்காப்பொன்னா?

“கிணறு ஆழப்படுத்தியபோது களிமண்ணுக்குள்ளிருந்து கண்ணாடித் தகடு போன்ற கற்கள் நிறைய வந்தன. காக்காப்பொன் என்கிறார்கள் சிலர். வியாபாரி ஒருவர் சுண்ணாம்புக்கல் என்று சொல்லி, அள்ளிப்போக கையெழுத்துக் கேட்கிறார். ஜிப்சம் என்றால் என் ஒரு ஏக்கர் களர் நிலத்துக்குப் போடலாமா?”
- வாசகர் ஒருவர், ஆலத்தூர் வட்டாரம், பெரம்பலூர் மாவட்டம்.

கையெழுத்தை நிறுத்திவைத்துவிட்டு, முதலில் கல்லைக் கழுவிப் பாருங்கள்.

இயற்கையாக உண்டாகி, குறிப்பிட்ட வேதிப்பொருள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட திடப்பொருள்தான் கனிமம். பல கனிமங்கள் சேர்ந்தது பாறை. கருங்கல்லை உடைத்தால் கண்ணாடி போன்ற வெங்கச்சாங்கல்லும், மினுக்கும் காக்காப்பொன்னும் தனித்தனியாகத் தெரியும். நிறத்தை வைத்து மட்டும் எந்தக் கல்லையும் முடிவு செய்யக்கூடாது. வெள்ளையாக இருப்பவை ஏராளம்.

கல்லின் மேல் கை நகத்தால் கீறுங்கள். கோடு விழுந்தால் ஜிப்சமாக இருக்க வாய்ப்பு அதிகம். சுண்ணாம்புக்கல்லில் நகம் பதியாது, கத்திமுனை பதியும். வெங்கச்சாங்கல்லில் கத்தியும் பதியாது, அது கண்ணாடியையே கீறும். காக்காப்பொன்னும் மென்மையானதுதான், நகத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். அதனால் மெல்லிய ஏடு ஒன்றை உரித்து வளைத்துவிடுங்கள். காக்காப்பொன் வில் மாதிரி பழைய நிலைக்குத் திரும்பும். ஜிப்சம் வளைந்தபடியே நிற்கும், இல்லாவிட்டால் ஒடியும்.

அடுத்து, கொஞ்சம் பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு, சும்மா கிடந்தால் ஜிப்சம். கல்லில் ஒட்டிய மண்ணில் சுண்ணாம்பு இருந்தாலும் நுரைக்கும். கழுவச் சொன்னது அதற்காகத்தான். பேட்டரி ஆசிட் பக்கம் போகவே வேண்டாம்.

உங்கள் மாவட்டத்தில் காரை பகுதிக் களிமண் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. அதில் ஜிப்சம் தகடுகள் கிடைப்பது தெரிந்த விஷயம். ஆகவே உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

களரைத் திருத்த வேண்டியது ஜிப்சம்தான். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து நீரில் கரைந்து, மண்ணைப் பிடித்திருக்கும் சோடியத்தை வெளியே தள்ளும். சுண்ணாம்புக்கல் பொடியோ காரத்தன்மையுள்ள மண்ணில் கரையவே கரையாது. அது புளிப்பு நிலத்துக்கு உரியது. இரண்டும் வெள்ளைப் பொடி என்பதால் மாற்றிப் போட்டு, கூலியும் போய், களர் களராகவே கிடக்கும் வயல்கள் உண்டு. கடையில் வாங்கும் மூட்டைக்கும் இந்த எலுமிச்சைச் சோதனை செல்லும்.

ஆனால் மண்ணோடு வந்த கல்லில் எவ்வளவு ஜிப்சம் என்பது வீட்டில் தெரியாது. கல்லையும் வயல் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, ஏக்கருக்கு எவ்வளவு தேவை என்று கேளுங்கள். நிலம் களர்தானா, வெறும் உவரா என்பதும் அங்கே தெரிந்துவிடும். உவருக்கு ஜிப்சம் தேவையில்லை, நல்ல நீர் கட்டி வடித்தால் போதும். களர் என்றால் வரப்பை உயர்த்தி, தூளாக்கிய ஜிப்சத்தைப் பரப்பி உழுது, நீர் நிறுத்தி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாமல் போட்டால் வெளியேறிய சோடியம் அங்கேயேதான் இருக்கும்.

வியாபாரி விஷயம்: ஜிப்சம் 2015 முதல் சிறுகனிமப் பட்டியலில் இருக்கிறது. பட்டா நிலமானாலும் அனுமதியின்றி வெட்டி விற்க முடியாது. சிக்கல் வந்தால் கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் முன்னால் நிற்கும். மாவட்டக் கனிமவள அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அவருக்குப் பதில் சொல்லுங்கள். சொந்த வயலுக்கு எடுப்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.