சேலமா, சலேமா?

போன லீவுல ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுறதுக்கு முன்னாடியே, ஜார்க்கண்டிலிருந்து வந்து நம்மகூட படிக்கிற நண்பன் பஸ் போர்டைக் காட்டிக் கேட்டான்: "சேலம்னு தப்பா எழுதியிருக்காங்களே?" அவன் நோட்டில் பக்கம் பக்கமா இருந்தது 'சலேம்'.

தப்பு போர்டில் இல்லை. அவனுக்கு நாங்க பைத்தானில் செஞ்சு கொடுத்த படக் கார்டில்.

யூனிகோடில் 'சே' என்பது முதலில் ச, பிறகு இரட்டைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவர வேண்டியது ஹார்ஃப்பஸ் மாதிரியான ஷேப்பிங் இன்ஜின். ராக்ம் இல்லாத பில்லோவில் அந்த வேலை நடக்காது. கொம்பு நகராமல் நின்று, அடுத்த 'ல'வோடு சேர்ந்துவிட்டது. நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டிருந்தும் இதே கதிதான். ஆங்கிலத்தில் அந்த ஊர்ப் பெயரை எழுதுற விதமும் 'சலேம்' மாதிரியே இருப்பதால் அவனுக்குச் சந்தேகமே வரலை.

இதே கார்டை நீங்க பார்த்திருந்தா சிரிச்சுட்டு, சரியாவே படிச்சிருப்பீங்க. புதுசா கத்துக்கிறவனுக்கு அது முடியாது. திரையில் வருவதுதான் அவனுக்கு எழுத்து. அதனால மொழி கற்பிக்கிற ஆப்பில் ஃபான்ட் என்பது அலங்காரம் இல்லை, பாடமே அதுதான்.

உடையாத எழுத்திலும் சிக்கல் உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகத்தில் 'மலை'யின் லை தும்பிக்கை வைத்திருக்கும். பழைய பாணி ஃபான்ட் போட்டால் இன்றைக்கும் அப்படித்தான் தெரியும். கோட் ஒன்றே, உருவம் ஃபான்டின் முடிவு. வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறீங்களா? சில கஞ்சி எழுத்துகளுக்கு ஜப்பானிலும் சீனாவிலும் கோட் ஒன்று, வடிவம் வேறு. உங்க போன் சீன ஃபான்டை எடுத்தால், நீங்களும் நம்ம நண்பன் நிலைமையில்தான்.

"போகப்போகப் புரிஞ்சுப்பான்" என்று சொல்லாதீங்க. கையில் படிஞ்ச எழுத்தை மறப்பது, புதுசா கத்துக்கிறதைவிடக் கஷ்டம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எழுத்தைப் படமாக்காமல் எழுத்தாகவே வையுங்க. ஆன்கி பயன்படுத்தினால், ஃபான்ட் ஃபைல் பெயருக்கு முன்னால் ஓர் அண்டர்ஸ்கோர் போட்டு மீடியா ஃபோல்டரில் வைத்து, கார்டின் ஸ்டைலிங்கில் அதைக் குறிப்பிடுங்க. லேப்டாப்பிலும் போனிலும் ஒரே வடிவம் வரும். நோட்டோ இலவசம், திறந்த உரிமம், கார்டோடு சேர்த்தே கொடுக்கலாம்.

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு இப்படி ஒரு ஆப் செய்றீங்கன்னா, ரிலீஸுக்கு முன் மூணே மூணு சொல் அடிச்சுப் பாருங்க: சேலம், ஏற்காடு, கொண்டை ஊசி. முதலாவதில் கொம்பு இடம் மாறுதா, இரண்டாவதில் 'டு' ஒட்டுதா, மூன்றாவதில் 'கொ'வின் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் நிற்குதா? பக்கத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருத்தரையும் பார்க்கச் சொல்லுங்க. நாங்க அந்த அஞ்சு நிமிஷத்தை மிச்சம் பிடிச்சோம். நண்பன் இப்போ நோட்டு முழுக்க அடிச்சுத் திருத்திக்கிட்டு இருக்கான்.