ஒரே வாசல் நல்லதுதான், காவலாளி தூங்கினால்?



"எல்லாத்தையும் ஒரே இடத்துல வெச்சா ஒரே அடியா போயிரும் சேர். ஒவ்வொரு ஸ்கூலும் தனித்தனியா ஈமெயில் வெச்சிக்கிறதுதான் பாதுகாப்பு." ஆசிரியர் அறையில் இந்தக் கதை வந்தால், அடுத்து 2023ஐத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். சரி, அந்த வருடம் உண்மையில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2023 ஓகஸ்ட் மாதம் அரசாங்கத்தின் கிளவுடுக்குள் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று புகுந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். காரணம், அந்தக் காலத்துக்கு வேறாக எடுத்து வைத்த பிரதி ஒன்றும் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்ததோ மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை அந்த நிறுவனமே அதே வருடம் ஏப்ரலில் நிறுத்திவிட்டது. 2021இலிருந்தே மாற்ற நினைத்தோம், காசு போதவில்லை என்று பின்னர் சொன்னார்கள்.

இதில் எங்கே பிழை? ஒரே இடத்தில் வைத்ததிலா, வைத்துவிட்டுப் பார்க்காமல் விட்டதிலா?

தனித்தனியாக இருப்பது பாதுகாப்பு என்பவர்களிடம் நாங்கள் கேட்கிறோம். பாடசாலையின் மின்னஞ்சல் ஒரு ஆசிரியரின் சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவருக்கு இடமாற்றம் வந்தால் பாஸ்வேர்டும் அவரோடு போய்விடும். முதலாம் ஆண்டு அனுமதிப் படிவங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் அதற்குள்தான். இதுவா பாதுகாப்பு?

ஒரு போலிக் கடிதம் ஐம்பது ஆசிரியர்களுக்கு வந்தால் ஐம்பது பேரும் தனித்தனியாகத் தப்ப வேண்டும். ஒருவர் அவசரத்தில் அழுத்தினால் போதும். மையமாக நிர்வகித்தால் அந்தக் கடிதத்தை வாசலிலேயே மறிக்கலாம். ஒரு தடவை போடும் விதி வலயத்திலுள்ள எல்லாப் பாடசாலைக்கும் பொருந்தும். கணனி அறையில் பிள்ளைகள் போகக் கூடாத தளங்களையும் அங்கிருந்தே அடைக்கலாம். யாராவது அழுத்திவிட்டால் அதுவும் ஒரே திரையில் தெரியும்.

ஆனால் பெட்டியை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டு "பாதுகாப்பு வந்துவிட்டது" என்று படம் எடுத்துப் போடுவதையும் நாங்கள் ஏற்கமாட்டோம். திறப்பு ஒரே மனிதரின் கையில் இருந்தால் அதுவும் ஆபத்துத்தான்.

ஆகவே அடுத்த பாடசாலை அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில், பள்ளிவாசல் நிர்வாகத்தில், சங்கங்களில் இந்த நாலு கேள்வியையும் கேளுங்கள்:

மென்பொருளைக் கடைசியாகப் புதுப்பித்தது எப்போது?
இணையத்தோடு தொடர்பில்லாத பிரதி ஒன்று இருக்கிறதா?
அந்தப் பிரதியிலிருந்து தரவை மீட்டுப் பார்த்திருக்கிறீர்களா?
பொறுப்பானவர் போனால் அடுத்தவர் யார்?

பதில் இல்லையென்றால், மையமாக இருந்தாலும் ஒன்றுதான், தனியாக இருந்தாலும் ஒன்றுதான்.

காசில்லை என்ற பதிலை 2023இலேயே கேட்டுவிட்டோம். அதன் விலையையும் கண்டுவிட்டோம். பிள்ளைகளின் விபரங்கள் எங்களிடம் தரப்பட்ட அமானிதம். அமானிதத்துக்குக் காவல் போடுவது மேலதிகச் செலவு அல்ல, கடமை.