முட்டைக் கணக்கும் கூட்டுக் கணக்கும்

நாமக்கல் சீமையில் முட்டைக்குக் கணக்கு உண்டு. இன்றைக்குப் பண்ணை விலை என்ன, ஐந்து காசு ஏறிற்றா இறங்கிற்றா என்பதைப் பரமத்தி வேலூர் டீக்கடையில் உட்கார்ந்தபடியே பத்திரிகையில் பார்த்துவிடலாம். இத்தனை கரிசனமும் கோழி முட்டைக்குத்தான். இதே ஜில்லாவில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்கே காப்புக்காட்டில் எந்தப் பறவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது என்பதற்கு வருஷா வருஷம் எழுதும் பேரேடு எங்கே?

“வனத்துறையார்தான் கணக்கெடுக்கிறார்களே!” என்பார் ஒரு நண்பர். எடுக்கிறார்கள், அதைக் குறைவாகச் சொல்லமாட்டேன். 2023-இல் ஜனவரியில் நீர்ப்பறவைகளையும் மார்ச்சில் நிலப்பறவைகளையும் தமிழ்நாடு முழுவதும் ஒரே சமயத்தில் எண்ணினார்கள். ஆனால் மார்ச் முதல் வாரத்தில் மலையில் இருப்பவை எல்லாம் மலைக்குச் சொந்தமா? ஆறுமணிக்குருவி அப்போதும் இங்கேதான் இருக்கும். அது முட்டையிடுவது மத்திய இந்தியாவிலும் இமயத்தின் அடிவாரத்திலும். பழுப்புக் கீச்சான் ஆசியாவின் வடகோடியிலிருந்து வந்த விருந்தாளி. கல்யாணச் சத்திரத்தில் தலையை எண்ணிவிட்டு அதுதான் தெருவின் ஜனத்தொகை என்று எழுதலாமா?

இதில் வெறும் பத்தாயம் நிரப்பும் ஆசை ஒன்றும் இல்லை. வளர்ந்த பறவை சில வருஷம் உயிரோடிருக்கும். கூடு கலைந்து, குஞ்சு பிழைக்காமல் போனாலும், அது கிளையில் உட்கார்ந்து கூவிக்கொண்டுதான் இருக்கும். நாமும் “ஒன்று, இரண்டு” என்று எழுதிக்கொண்டிருப்போம். சந்ததி அற்றுப்போன செய்தி பிற்பாடுதான் நமக்கு எட்டும். மஞ்சள்தொண்டைச் சின்னானை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னிந்தியாவின் பாறைச் சரிவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அதற்கு வீடில்லை. அந்தப் பாறையைத்தான் நாம் ஜல்லியாகவும் கிரானைட்டாகவும் பெயர்க்கிறோம். அது இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. பெருகுகிறதா என்பதல்லவா மீதி!

1929 வாக்கில் ஆர்தர் வெர்னே என்ற தனவந்தரின் பணத்தில் கிழக்கு மலைத்தொடரில் ஓர் ஆய்வு நடந்தது. சேர்வராயன் மலைக்கும் வந்தார்கள், துப்பாக்கியோடு வந்தார்கள். அந்த முறை நமக்கு வேண்டாம். ஆனால் சுட்ட பறவை இனப்பெருக்க நிலையில் இருந்ததா என்று பார்ப்பது அக்காலத்துச் சேகரிப்பாளர் வழக்கம். துப்பாக்கிக்காரர் கேட்ட கேள்வியைத் தூரதரிசினிக்காரர் விட்டுவிடுவதா?

கூட்டருகே போனால் தாய்ப்பறவை மிரளும் என்று ஓர் ஆட்சேபம். நியாயம். கூட்டைத் தொடச் சொல்லி யார் கேட்டார்கள்? வாயில் நாரோடு பறக்கிறதா, புழுவோடு ஒரே புதருக்குத் திரும்பத் திரும்பப் போகிறதா என்று எட்ட நின்று பார்த்தால் போதும். பிரிட்டனில் 1994 முதல் தொண்டர்கள் ஒரு கிலோமீட்டர் சதுரங்களில் கூடு கட்டும் காலத்தில் இரண்டு காலை நடக்கிறார்கள். அவர்களும் கூட்டைத் தேடுவதில்லை. வருஷா வருஷம் அதே சதுரம், அதே வழி. ஏற்றமும் இறக்கமும் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

மழை என்பார்கள் அடுத்தபடி. பக்கத்துக் கேரளத்தில் 2015 முதல் 2020 வரை பறவை வரைபடத்துக்காக ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பரிலும் நடந்தார்கள். அங்கே பெய்கிற அளவு மழை அந்த மாதங்களில் கொல்லிமலையில் பெய்யாது. மார்ச் கணக்கு அப்படியே நடக்கட்டும். அதே ஆட்கள், அதே தடத்தில், ஜூனில் ஒரு காலையும் ஜூலையில் ஒரு காலையும் மறுபடி மலையேற வேண்டும். கொல்லிமலையில் மட்டுமல்ல, சேர்வராயனிலும் பச்சைமலையிலும்கூட. வேலூர் வெற்றிலைக் கொடிக்காலில் விடியுமுன் எழுந்து பழகிய பையன்களைக் கூட்டிக்கொண்டு போனால் ஆளுக்கும் பஞ்சமில்லை.