கோழிகள் இருக்கட்டும், துடைப்பம் கைமாறட்டும்

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில், பாலக்கோடு முதல் அரூர் வரை, கொல்லையில் நாட்டுக்கோழி மேயும் வீடுகள் பல. முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. பெண் ஈட்டியது அவளுக்கே உரியது என்பது மார்க்கம் வகுத்த நெறி. ஆகவே, மருமகள் கருவுற்றதும் கோழிகளை விற்றுவிடச் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. காலங்காலமாக வளர்க்கிறோமே என்று அவளையே கூடு கூட்டச் செய்வதையும் ஏற்பதற்கில்லை.

பார்வைக்கு நலமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். கருவுற்ற காலத்தில் அவற்றால் வரும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கடுமையாகலாம். அரிதாகக் கருவையும் தாக்கலாம். கோழி கிளறும் மண்ணில் பூனையும் கழிக்கும். அதன் கழிவிலிருந்து பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கவல்லது.

எனவே கூடு கூட்டுதல், எரு அள்ளுதல், அறுத்த கோழியின் இறகு பறித்தல், குடல் நீக்குதல் ஆகியவற்றைப் பிள்ளைப்பேறு வரை வீட்டிலுள்ள மற்றவர் ஏற்க வேண்டும். தீனி வைப்பதும் முட்டை எடுப்பதும் அவள் செய்யலாம். உடனே சோப்பிட்டு 20 நொடியேனும் கை கழுவ வேண்டும். உளூச் செய்கிறோமே, போதாதா என்று சிலர் கேட்கின்றனர். உளூ தொழுகைக்குரிய தூய்மை; கிருமியை நீக்கச் சோப்பும் வேண்டும். இரண்டையும் பேணுவோம்.

வலுவுக்கென்று பச்சை முட்டை கொடுக்கும் வழக்கத்தையும் கைவிடுவோம். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை வெந்த முட்டையிலும் சத்து உண்டு. கோழிகள் திடீரென மடிந்தால், கர்ப்பிணி அருகில் செல்லலாகாது; கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் சென்று, வீட்டில் கோழி வளர்ப்பதையும் கூற வேண்டும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் உதவி வந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அதைப் பயான்களில் கேட்டு மகிழும் நம் ஆண்கள், ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து கோழிக்கூட்டைக் கூட்டுவதில் என்ன இழிவு? பத்து நிமிட வேலை அது. அதனால் காக்கப்படுவன இரண்டு உயிர்கள். கூடவே ஒரு பெண்ணின் கைக்காசும்.