எந்த டிவி ட்யூனர் வாங்கலாம்னு கேக்கறவங்களுக்கு

மாசத்துக்கு ஒருத்தராவது கேட்டுடறாங்க. "வீட்டுக் கம்ப்யூட்டர்ல டிவி ரெக்கார்ட் பண்ணணும், எந்த ட்யூனர் நல்லது?" கேக்கறவங்கள்ல பாதிப்பேர் ஏற்கெனவே எதையோ இணையத்துல பார்த்து வெச்சுட்டு, நான் தலையாட்டினா போதும்னு இருக்காங்க. தலையாட்ட முடியாதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

கார்டு பேரை அப்புறம் சொல்லலாம். உங்க வீட்டுக்குள்ள டிவி எந்த வழியா வருது, அதை முதல்ல சொல்லுங்க. கேபிளா, காசு கட்டற டிடிஎச்சா, இல்லை தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ்ஷா? இந்த மூணுல முதல் ரெண்டுக்கு நீங்க எவ்வளவு விலை குடுத்து ட்யூனர் வாங்கிப் போட்டாலும் அது சும்மா கிடக்கும். இதைச் சொல்லாம கார்டு விக்கறவங்களை என்ன சொல்றதுன்னு தெரியலை.

ஒரு காலத்துல இந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்துச்சு. 2004, 2005 வாக்குல சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனா பிக்ஸல்வியூ, பினக்கிள்னு அட்டைப்பெட்டி அடுக்கி வெச்சிருப்பாங்க. பாதிக் கார்டுல உள்ள இருந்த சிப்பு ஒண்ணேதான், பிடி878. மேல ஒட்டின பேருதான் வேற வேற. கேபிள் ஒயரை நேரா கார்டுல சொருகினா படம் வந்துடும். ரெக்கார்டிங்தான் ரோதனை. 720க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 படம், அமுக்காம எழுதினா மணிக்குச் சுமார் 75 ஜிபி. நம்மகிட்ட இருந்ததே 40 ஜிபி டிஸ்க்! அதனால அமுக்கற வேலையெல்லாம் ப்ராசஸர் தலையில விழும், அது மூச்சு வாங்கும், நடுநடுவுல படம் தாவும். ஹாப்பாக் பிவிஆர்-150 மாதிரி கார்டுக்குள்ளயே எம்பெக்-2வா அமுக்கற சிப்பு வெச்சது விலை அதிகம். அதை வாங்கினவன் நிம்மதியாத் தூங்கினான். இன்னொரு கூட்டம் மானிட்டருக்குப் பின்னாடி மாட்டற எக்ஸ்டர்னல் பெட்டியை வாங்கிட்டு வந்து "ரெக்கார்ட் பட்டன் எங்க?"ன்னு தேடிச்சு. அதுல ரெக்கார்டே ஆகாது, மானிட்டரை டிவி ஆக்கும், அவ்வளவுதான்.

அந்தக் கதை முடிஞ்சுபோச்சு. 2011ல கேபிள் டிவி சட்டத்தைத் திருத்தினாங்க. அதுப்படி கேபிள்காரர் எந்தச் சேனலையும் டிஜிட்டலா, பூட்டித்தான் அனுப்பணும். "எந்தச் சேனலையும்"ங்கறதைக் கவனிங்க. தூர்தர்ஷன் உட்பட. ஊர் வரிப்பணத்துல ஓடற சேனலும் கேபிள் வழியா வந்தா பூட்டோடதான் வரும். 2012ல பெருநகரங்கள்ல ஆரம்பிச்சு, 2017 மார்ச்சோட கிராமம் வரைக்கும்னு கெடு வெச்சாங்க. தமிழ்நாட்டுல அரசு கேபிளுக்கு 2017ல டிஜிட்டல் லைசென்ஸ் கிடைச்சு, இலவசமாப் பெட்டி குடுத்தாங்க. பெட்டி இலவசம்தான், சாவி நம்மகிட்ட இல்லை. மொட்டை மாடி ஆன்டெனாவுல வந்துக்கிட்டிருந்த தூர்தர்ஷன் அனலாக் ஒளிபரப்பையும், எல்லைப்பகுதி மாதிரி சில இடம் தவிர, 2022 மார்ச்சோட நிறுத்தினாங்க. ஆகக்கூடி, பழைய அனலாக் ட்யூனருக்குக் காதுல விழறதுக்குச் சத்தமே இல்லை. இதைத்தான் "பால், ஸ்டீரியோ, ரிமோட் உண்டு"ன்னு இன்னமும் தலையில கட்டறாங்க.

"அட போங்க, டிடிஎச் கம்பெனியே ரெக்கார்ட் பண்ற பெட்டி தருதே"ன்னு ஒரு கோஷ்டி வரும். அவங்களுக்குத்தான் இந்தப் பதிவுல பெரிய பங்கு.

எங்க மலையில, வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு வீடு. (வெளியூர்க்காரங்களுக்கு: கொல்லிமலையில ஊராட்சிக்கே "நாடு"ன்னுதான் பேரு. வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, வாழவந்தி நாடு இப்படி.) அந்த வீட்டு அம்மா சாமை, தினை விதையெல்லாம் பானையில சாம்பல் போட்டு வருஷாவருஷம் எடுத்து வெச்சவங்க. மலையில மரவள்ளி பரவி, சேகோ ஆலைக்கு லாரி லாரியா இறங்க ஆரம்பிச்சப்புறம் சிறுதானியம் போடறவங்க குறைஞ்சுட்டாங்க. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்லேருந்து இங்க சிறுதானியத்துக்காக வேலை பார்த்ததே அதனாலதான். ஒரு சேனல்காரங்க கேமராவோட வந்து அந்த அம்மாகிட்ட எட்டு நிமிஷம் பேசினாங்க. எந்த விதையை எந்தப் பட்டத்துல போடணும், எதை எதோட கலந்து விதைக்கணும்னு கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாங்க. மகன் அதைத் தன் டிடிஎச் ரெக்கார்டர் பெட்டியில பிடிச்சு வெச்சிருந்தாரு. எந்தக் கம்பெனின்னு வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்.

மறு வருஷம் அந்த அம்மா காலமாயிட்டாங்க. மிளகு விலை கைகொடுக்காத ரெண்டு மாசம் ரீசார்ஜ் பண்ணலை. பெட்டியைப் போட்டா, ரெக்கார்ட் பண்ணினது லிஸ்ட்ல தெரியுது, அமுக்கினா "ரீசார்ஜ் செய்யவும்". சரின்னு காசு கட்டிப் பார்த்தாங்க, திறந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு இடி மழையில பெட்டி போச்சு. கம்பெனி ஆள் வந்து பழைய பெட்டியைக் கழட்டிக்கிட்டுப் புதுசு வெச்சாரு.

"ஏனுங், எங்கம்மா பேசினது அதுலதானுங்களே இருந்துச்சு?"

"புதுப் பெட்டி அதைவிட நல்லாருக்குமுங்க."

இவ்வளவுதான் நடந்தது. அந்த டிஸ்க்கைக் கழட்டி என்கிட்ட குடுத்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. உள்ள இருக்கற கோப்பு அந்த ஒரே பெட்டியோட சாவிக்குத்தான் திறக்கற மாதிரி பூட்டி எழுதியிருக்கும். இதை ரெக்கார்டிங்குன்னு சொல்லாதீங்க. அடகுக்கடையில வெச்சுட்டு, வட்டி கட்டற வரைக்கும் ஜன்னல் வழியாப் பார்த்துக்கறது இது.

சட்டம் என்ன சொல்லுது? 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 39வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. ஒளிபரப்பை ஒருத்தர் தன் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு பண்ணிக்கிட்டா அது மீறல் ஆகாது. நல்லெண்ணத்தோட பாடம் நடத்தவோ ஆராய்ச்சிக்கோ பண்ணினாலும் ஆகாது. அமெரிக்காவுல இதே சண்டையை சோனியோட பீட்டாமாக்ஸுக்காக உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோய், 1984ல 5க்கு 4ன்னு பொதுஜனம் ஜெயிச்சுச்சு. நமக்கு அந்தச் சண்டையே தேவைப்படலை, உரிமை சட்டத்துலயே எழுதியிருக்கு. கையில உரிமை இருக்கு, வாசல்ல பூட்டு இருக்கு. பெட்டியை மாத்தாமலே கம்பெனி மாத்திக்கற வசதி வேணும், யூஎஸ்பி வழியா சாவி மாட்டற மாதிரி இடைமுகம் கட்டாயமாக்கணும்னு 2020 ஏப்ரல்ல டிராய் பரிந்துரை பண்ணிச்சு. அது ஒழுங்கா வந்திருந்தா கம்ப்யூட்டர்லயும் அந்தச் சாவியை மாட்டணும்னு கேக்க ஒரு வழி பிறந்திருக்கும். எங்க ஊர்ல இன்னும் அப்படி ஒரு சாவியை யாரும் கண்ணால பார்த்ததில்லை.

அடுத்த கோஷ்டி: "எல்லாம் யூட்யூப்ல இருக்கும்ங்க." இருக்கும், எடுக்கற வரைக்கும். 2009ல ஜியோசிட்டீஸை மூடினப்ப எத்தனை தமிழ்ப் பக்கம் போச்சுன்னு பதிவர்கள் உங்களுக்கு நான் சொல்லணுமா? பிபிசி தன் டாக்டர் ஹூ தொடரையே டேப் அழிச்சுத் தொலைச்ச கதை தெரியும்ல? காணாமப்போன பகுதிகளுக்கு இன்னிக்கு ஒலியாவது மிச்சம் இருக்குன்னா, வீட்டுல டிவி முன்னாடி டேப் ரெக்கார்டரை வெச்சுப் பிடிச்ச ரசிகர்களாலதான். அமெரிக்காவுல மேரியன் ஸ்டோக்ஸ்னு ஒரு அம்மா முப்பது வருஷத்துக்கு மேல, 2012ல சாகற வரைக்கும், செய்திச் சேனல்களை ராப்பகலாப் பதிவு பண்ணி, பல்லாயிரம் டேப் சேர்த்து வெச்சுட்டுப் போனாங்க. நம்மூர்ல? சென்னைத் தொலைக்காட்சி 1975ல ஆரம்பிச்சது. "வயலும் வாழ்வும்"ல பேசின விவசாயிங்க எத்தனை பேர் முகம் இன்னிக்குத் தேடினா கிடைக்கும்? ஆடிப்பெருக்குக்கு எங்க செம்மேட்டுல நடக்கற வல்வில் ஓரி விழாவைச் செய்தியில ஒண்ணரை நிமிஷம் காட்டுவாங்க. அந்த ஒண்ணரை நிமிஷத்துல எங்காளுங்க பத்துப் பேர் முகம் இருக்கும். எந்தச் சேனலும் அதை நமக்காகப் பத்திரமா வெச்சுக்கப் போறதில்லை.

சரி, அப்ப என்னதான் வாங்கறது? சொல்றேன்.

பூட்டில்லாம வீட்டுக் கூரைக்கு நேரா வர்றது ஃப்ரீ டிஷ் ஒண்ணுதான். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்னு ஆரம்பிச்சது. தமிழ்ச் சேனல் அதுல குறைச்சல், இந்திதான் ரொம்ப, ஒத்துக்கறேன். ஆனா பொதிகையா இருந்து 2024ல பேர் மாறின டிடி தமிழ் இருக்கு. அதுக்கு வேண்டியது டிவிபி-எஸ்2 ட்யூனர். டிவிபி-சி, டிவிபி-டினு போட்டிருக்கறதை விலை குறைவுன்னு வாங்கிடாதீங்க, முன்னது கேபிளுக்கு, பின்னது தரைவழி ஒளிபரப்புக்கு.

மலைக்காரங்களுக்கு இதுல ஒரு கொடுப்பினை உண்டு. தரைவழி ஒளிபரப்புக்கு நடுவுல ஒரு மேடு வந்தாலே படம் புள்ளி அடிக்கும். ஃப்ரீ டிஷ் வர்ற ஜிசாட்-15 கிழக்கே 93.5 டிகிரியில நிக்குது. கொல்லிமலையிலேருந்து பார்த்தா தென்கிழக்குல, தரையிலேருந்து சுமார் 68 டிகிரி உயரத்துல, கிட்டத்தட்ட தலைக்கு மேல. எந்தக் குன்றும் மறைக்காது, பலா மரத்தடியில டிஷ்ஷை வெச்சாத்தான் உண்டு. கேபிள் ஒயர் போகாத வீட்டுக்கும் இது போகும்.

இதுல ரெக்கார்டிங் எவ்வளவு சுலபம்னு அந்தக் காலத்துல ப்ராசஸரைக் கொதிக்க வெச்சவங்களுக்குத்தான் புரியும். வர்ற சிக்னலே அமுக்கின டிஜிட்டல் கோப்பு மாதிரிதான். ட்யூனர் அதை அப்படியே டிஸ்க்ல இறக்கும். அமுக்கற வேலை கிடையாது, தரம் இம்மி குறையாது. நொடிக்கு 3 மெகாபிட்னு வெச்சாலும் மணிக்கு 1.35 ஜிபிதான். ஒரு டெராபைட் டிஸ்க்ல எழுநூறு மணி நேரத்துக்கு மேல போகும். இன்னொண்ணு, ஒரே அலைவரிசையில வர்ற பல சேனலை ஒத்த ட்யூனராலயே ஒரே நேரத்துல பதிவு பண்ணலாம். டிவிஹெட்எண்டுன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, அது பார்த்துக்கும். 2011க்கு அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் குடுத்த இலவச லேப்டாப் எத்தனை வீட்டுல பரண்ல கிடக்குது! லினக்ஸ் போட்டு, யூஎஸ்பி ட்யூனரைச் சொருகுங்க. இந்த வேலைக்கு அது தாராளம்.

ட்யூனர் வாங்கறப்ப அட்டைப்பெட்டி மேல இருக்கற படத்தைப் பார்க்காதீங்க. அதோட சிப்புக்கு லினக்ஸ் கெர்னல்லயே ட்ரைவர் இருக்கான்னு பாருங்க. சிடியில குடுத்த விண்டோஸ் ட்ரைவரை நம்பி வாங்கின கார்டெல்லாம் எக்ஸ்பியோட சேர்ந்து சமாதி ஆச்சு. அந்தப் பழைய பிடி878க்கு லினக்ஸ்ல இன்னிக்கும் ட்ரைவர் இருக்கு, அனுப்பறதுக்குத்தான் ஆள் இல்லை :-)

அவ்வளவு மெனக்கெட முடியாதுங்கறவங்க, பென் டிரைவ்ல ரெக்கார்ட் பண்ற ஃப்ரீ டிஷ் பெட்டியைப் பாருங்க. ஆனா கடைக்காரர் முன்னாடியே அஞ்சு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணச் சொல்லி, பென் டிரைவை வேற ஒரு கம்ப்யூட்டர்ல சொருகி விஎல்சியில ஓடுதான்னு பார்த்துட்டுத்தான் காசு குடுக்கணும். சில பெட்டி சாதாரண டிஎஸ் கோப்பா எழுதும். சிலது தனக்கு மட்டும் புரியற மாதிரி எழுதி வைக்கும், அப்ப மறுபடியும் அடகுக்கடைதான். கேபிள் தவிர வேற கதியில்லைங்கறவங்களுக்கு மிச்சம் இருக்கறது, பெட்டிக்குப் பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் போற ஓட்டை. அதுலேருந்து ஈஸிகேப் மாதிரி ஒரு சின்ன சாதனம் வழியாப் பிடிக்கலாம். படம் சுமார்தான், பெட்டியும் அந்தச் சேனல்லயே இருக்கணும். எச்டிஎம்ஐ வழியா முயற்சி பண்ணினா பெரும்பாலும் எச்டிசிபி பூட்டு கறுப்புத் திரையைத்தான் காட்டும்.

பி.கு: மலையில இடி இறங்கற மாசத்துல டிஷ் ஒயரை ட்யூனர்லேருந்து கழட்டி வெச்சுட்டுத் தூங்குங்க. டிஷ்ஷுக்கு எர்த் போட்டிருந்தாலும் கழட்டுங்க.